மறதி கழுத்தில் இருந்தது

எங்கள் விடுதிக்கு வருகிறவர்களில் பலர் என் கழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்க்கிறார்கள். தொண்டைக்குழிக்குச் சற்று மேலே குறுக்காக ஒரு தழும்பு. "தைராய்டா?" என்று கேட்பார்கள். "அதுக்குப் பக்கத்து வீடு" என்று சொல்லிவிட்டு அறைச் சாவியை எடுத்துக் கொடுப்பேன். நின்று விளக்க நேரம் இருக்காது. கழுத்தில் கத்தி வைத்ததால் என் ஞாபகம் திரும்பி வந்தது என்று சொன்னால் நம்புவார்களா என்பதும் சந்தேகம்தான். எனக்கு நடந்திராவிட்டால் நானும் நம்பியிருக்க மாட்டேன். யாராவது ஒருவர் வீட்டில் யாராவது ஒருவருக்கு இது உதவலாம் என்று என் மகள் சொன்னாள். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரே இடத்தில் உட்கார்ந்து எழுத முடிகிறது என்பதே இப்போது எனக்குப் பெரிய விஷயம்.

என் பெயர் கோமதி. வயது அறுபத்தொன்று. குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற சாலையில் பத்து அறைகள் உள்ள சிறிய விடுதியை நானும் என் வீட்டுக்காரரும் நடத்துகிறோம். அவர் போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டடம், மோட்டார், தண்ணீர்த் தொட்டி எல்லாம் அவர் பொறுப்பு. வருகிற ஆட்கள் என் பொறுப்பு. ஒரு தடவை தங்கியவர்கள் அடுத்த சீசனில் வாசலில் வந்து நின்றால், ஊர், பேர், போன தடவை எந்த அறை, கூட வந்த பெரியவருக்கு மாடி ஏற முடியாது என்பது வரை சொல்லிவிடுவேன். அதற்காகவே திரும்பி வருகிறவர்கள் உண்டு.

போன சீசனில், சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, விருதுநகரிலிருந்து வந்த குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போய் நான்காம் எண் அறையைத் திறந்தேன். உள்ளே கட்டிலில் ஒரு பெண் ஈரத் தலையோடு படுத்துக் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பதறிப்போய்ப் போர்வையை இழுத்துக்கொண்டாள். அன்று காலையில் அவளை அந்த அறைக்கு அனுப்பியவள் நானேதான். பேசி, அடையாள அட்டையைப் பார்த்து, குழந்தைக்கு வெந்நீர் வேண்டுமா என்று கேட்டு அனுப்பியிருக்கிறேன். எனக்கு அது எதுவும் தெரியவில்லை. சாதாரண மறதி என்றால் யாராவது எடுத்துச் சொன்னதும் "ஆமா, ஆமா" என்று வந்துவிடும். இது அப்படி வரவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தை நான் முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

என் வீட்டுக்காரர் வந்து இரண்டு பக்கமும் மன்னிப்புக் கேட்டு, விருதுநகர்க்காரர்களை மாடிக்கு அனுப்பினார். பிறகு என்னிடம், "சீசன் நேரம்லா, நூறு பேரு வந்து போறாக. விடு" என்றார். நானும் அதையே பிடித்துக்கொண்டேன்.

ஆனால் உடம்பு வேறு எதையோ சொல்லிக்கொண்டே இருந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும். எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று தெரியாது. வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பேன். தாகம் அடங்காது. சொம்பு சொம்பாகக் குடித்துவிட்டுக் குளியலறைக்கு ஓடுவேன். சர்க்கரை என்று நினைத்துப் பார்த்தால் சர்க்கரை இல்லை. தொடை எலும்புகள் உள்ளுக்குள் வலித்தன. வயதான பெண்களுக்கு எலும்பு தேய்கிறது என்று எங்கேயோ கேட்டு, மருந்துக் கடையில் நானாகவே கால்சியம் மாத்திரை வாங்கித் தினமும் போட்டேன். அது எரிகிற அடுப்பில் ஊற்றிய எண்ணெய் என்று பிறகுதான் தெரிந்தது.

ஒருநாள் தென்காசிக்குப் பேருந்தில் போய் இறங்கி, கோயில் வாசலுக்கு எதிரே நின்றேன். எதற்கு வந்தேன் என்று தெரியவில்லை. அதுகூடப் பரவாயில்லை. குற்றாலத்துக்குத் திரும்பிப் போக எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதும் தெரியவில்லை. எத்தனையோ வருடமாகப் பார்த்த கோபுரம் எதிரே இருக்கிறது. பூக்காரி, "என்னக்கா, ஆளத் தேடுதியளா?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன். பொய்தான். ஒரு பேருந்தின் நடத்துநர் "குற்றாலம், குற்றாலம்" என்று கூவினார். அதைக் கேட்டு ஏறிக்கொண்டேன். வீட்டில் மூச்சு விடவில்லை.

சொல்லாமல் மறைத்ததற்குக் காரணம் என் அக்கா உலகம்மாள். என்னைவிட எட்டு வயது மூத்தவள். சுரண்டையில் வெங்காய மண்டி நடத்திய மனுஷி. மூட்டையைக் காலால் உருட்டியே எடை சொல்லுவாள். அவளுக்கு மறதி நோய் வந்து சில வருடங்கள் ஆகின்றன. அவளுக்கும் இப்படித்தான் தொடங்கியது: முதலில் பொருளின் பெயர், பிறகு மனுஷரின் பெயர், பிறகு மனுஷரே. மருத்துவர்கள் பார்த்து, ஸ்கேன் எடுத்து, இது மூளையே சுருங்கிக்கொண்டு போகிற நோய், நிறுத்த முடியாது என்று சொல்லியிருந்தார்கள். அவளை அவள் மகன் வீட்டில் மருமகள் செண்பகம்தான் பார்த்துக்கொள்கிறாள்.

கோயில் வாசலில் நின்ற அந்த வாரமே அக்காவைப் பார்க்கப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தாள். செண்பகம், "அத்தை, யாரு வந்துருக்கான்னு சொல்லுங்க பாப்போம்" என்றாள். அக்கா என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒரு பயம் வந்தது. பரீட்சையில் தெரியாத கேள்வி வந்தவளைப் போல, தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம். அது எனக்குப் புரிந்தது. எனக்கு அப்படிப் புரிந்ததுதான் பெரிய அதிர்ச்சி. பேருந்தில் திரும்பி வரும்போது சாம்பவர்வடகரை தாண்டுகிற வரை என் பிள்ளையின் பெயர், என் வீட்டுக்காரர் பெயர், என் தகப்பனார் பெயர் என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தேன்.

நான் மறைத்தது நீடிக்கவில்லை. ஒரு மாலை இவரிடம், "சுபா ஸ்கூல் விட்டு வர நேரமாச்சே, இன்னும் காங்கல" என்று சொன்னேனாம். சுபா எங்கள் ஒரே மகள். திருநெல்வேலியில் வங்கியில் வேலை பார்க்கிறாள். அவளுக்கே பள்ளிக்கூடம் போகிற வயதில் பையன் இருக்கிறான். இவர் எழுந்து போய் மகளுக்குப் போன் செய்தார். முப்பத்தைந்து வருடம் போலீஸில் இருந்தவருக்குக் குரல் நடுங்கியதை அன்றுதான் கேட்டதாகச் சுபா பிறகு சொன்னாள்.

திருநெல்வேலியில் மூளை, நரம்பு மருத்துவர் ஒருவரிடம் போனோம். காத்திருக்கும் அறையில் என்னைப் போலவே நிறையப் பேர். ஒவ்வொருவர் பக்கத்திலும் கவலையோடு ஒரு மகளோ மகனோ. என்னால் அங்கே உட்கார முடியவில்லை. நடந்துகொண்டே இருந்தேன். சுபா, "எம்மா, செத்த உக்காரேன்" என்று கையைப் பிடித்து இழுத்தாள். உள்ளே மூன்று சொற்களைச் சொல்லி, சற்று நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். ஒன்றுதான் வந்தது. கடிகாரம் வரையச் சொன்னார்கள். வட்டம் போட்டு, எண்களை எல்லாம் ஒரே பக்கமாக எழுதி வைத்தேன். தப்பு என்று தெரிந்தது. எங்கே தப்பு என்று தெரியவில்லை.

தலையை ஸ்கேன் எடுத்தார்கள். தைராய்டு, பி12 சத்து, சர்க்கரை எல்லாம் இரத்தத்தில் பார்த்தார்கள். எல்லாம் சரியாகவே இருந்தன. "வயசுக்கு ஏத்த சுருக்கம் இருக்கு. அக்காவுக்கும் இருக்குங்கறீங்க. ஆரம்பமா இருக்கலாம், உறுதியா இப்ப சொல்ல முடியாது. மாத்திரை சாப்பிடுங்க, சில மாசம் கழிச்சுத் திரும்பப் பார்ப்போம்" என்றார் மருத்துவர். கால்சியத்தை அப்போது பார்க்கவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. தாகத்தையும் எலும்பு வலியையும் நான் அவரிடம் சொல்லவில்லை. ஞாபகத்துக்கும் தொடை எலும்புக்கும் என்ன சம்பந்தம் என்று இருந்துவிட்டேன்.

திரும்பி வரும்போது ஆலங்குளத்தில் காரை நிறுத்தி இவர் இளநீர் வாங்கிக் கொடுத்தார். "நான் இருக்கேம்லா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அடுத்த நாளிலிருந்து வரவேற்பு மேசையில் அவரே உட்கார்ந்தார். நான் நடந்தால் பின்னாலேயே கொஞ்சம் தள்ளி நடந்து வருவார். திருடனைப் பின்தொடர்கிற மாதிரி எனக்குத் தெரியாமல் வருவதாக அவருக்கு எண்ணம்.

ஒரு மாதம் கழித்து வயிற்றுப்போக்கும் வாந்தியும் வந்தது. சீசன் காலத்தில் இங்கே பலருக்கும் வருவதுதான். எனக்கு இரண்டு நாளில் உடம்பில் நீர் வற்றிப்போய்ப் புத்தியே பேதலித்துவிட்டது. அதன் பிறகு நடந்ததில் பாதி எனக்கு நினைவில்லை. சுபா சொல்லித்தான் தெரியும். தென்காசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்களாம். கையில் ஏற்றிய ஊசியைப் பிடுங்கி எறிந்தேனாம். நர்ஸைப் பார்த்து, "ரூம் காலி இல்ல, வேற எங்கனயாவது பாருங்க" என்றேனாம். மற்ற நேரமெல்லாம் அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேனாம்.

அங்கே பொது மருத்துவம் பார்க்கிறவர் சுபாவைவிட இளையவராக இருப்பார். டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டோம். அவர் என் தலையைப் பற்றிக் கேட்கவே இல்லையாம். இவரிடம், "இவங்களுக்கு எப்பவாவது சிறுநீரகக் கல் வந்துச்சா?" என்று கேட்டிருக்கிறார்.

"ரெண்டு தடவ வந்துச்சும்மா. தென்காசிலதான் எடுத்தோம்."

"தண்ணி நிறையக் குடிப்பாங்களா? மலச்சிக்கல்? எலும்பு வலி?"

"எல்லாம் உண்டு. வயசாவுதுல்லாம்மா."

"வயசு மேல எதைப் போட்டாலும் அது ஏத்துக்கிட்டுப் பேசாம இருக்கும், சார். அதான் சிக்கல். வேற மாத்திரை ஏதாவது?"

என் கைப்பையிலிருந்து கால்சியம் மாத்திரை அட்டையை எடுத்துச் சுபா காட்டியிருக்கிறாள். டாக்டரம்மா அதை வாங்கித் தன் கோட் பைக்குள் போட்டுக்கொண்டு, "இனிமே இது வேண்டாம்" என்றாராம். அன்று சாயங்காலம் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. இரத்தத்தில் கால்சியம் பத்தரைக்கு மேல் போகக் கூடாது. எனக்குப் பதினாலைத் தாண்டியிருந்தது.

இரண்டு நாள் விடாமல் உப்பு நீர் ஏற்றினார்கள். எலும்பிலிருந்து கால்சியம் வெளியே வராமல் பிடித்து வைக்கிற ஊசி மருந்தும் ஒன்று ஏறியது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, காலையில், பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாள் என் தலையை வாரிக்கொண்டிருந்தாள். இடுப்பு எலும்பு முறிந்த தன் மாமியாருக்குத் துணையாக வந்தவள். ஊர் அச்சன்புதூர். பெயர் பேச்சியம்மாள். என் பின்னலை இறுக்கிக்கொண்டே, "மூணு நாளா ஒங்க தலையப் பாக்கப் பாக்கப் பொறுக்கல மதினி. என் கையி அரிச்சிக்கிட்டே இருந்துச்சி" என்றாள். நான் சிரித்தேன். அன்று மத்தியானம் சாப்பாட்டுத் தட்டு வந்தபோது, "பேச்சியம்மா, நீ சாப்ட்டியா?" என்று கேட்டேன்.

ஃபிளாஸ்கைத் திறந்துகொண்டிருந்த இவர் அப்படியே நின்றுவிட்டார். "என்ன பேரு சொன்ன?" என்றார்.

"பேச்சியம்மா."

"யாரு சொன்னா ஒனக்கு?"

"அவளே காலைல சொன்னா. ஏன்?"

இவர் ஃபிளாஸ்கை மூடாமலே வெளியே போனார். ஜன்னல் வழியே பார்த்தால், வண்டிகள் நிற்கிற இடத்தில் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். காலையில் கேட்ட ஒரு பெயர் மத்தியானம் வரை என்னிடம் தங்கி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அது எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் டாக்டரம்மா என் கட்டிலிலேயே உட்கார்ந்து விளக்கினார். கழுத்தில் தைராய்டு சுரப்பி இருக்கிறது. அதன் முதுகில் அரிசி அளவுக்கு நான்கு சின்னச் சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பெயர் பாராதைராய்டு. இரத்தத்தில் கால்சியம் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அவற்றின் வேலை. குறைந்தால் ஒரு ஹார்மோனை அனுப்பும். ஹார்மோன் என்றால் இரத்தத்தில் ஓடிப்போய்த் தகவல் சொல்கிற ஆள். அந்த ஆள் எலும்பிடம் போய்க் 'கொஞ்சம் கால்சியம் விடு' என்பான், சிறுநீரகத்திடம் போய் 'வெளியே விடாதே' என்பான். அளவு சரியானதும் சுரப்பி நிறுத்திக்கொள்ளும். எனக்கு அந்த நான்கில் ஒன்று வீங்கி, நிறுத்துகிற வழி தெரியாமல் வருடக்கணக்காக ஆள் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. அதனால்தான் கல், எலும்பு வலி, தாகம் எல்லாம்.

"அதுக்கும் ஞாபகத்துக்கும் என்ன டாக்டரம்மா?" என்று கேட்டேன்.

"கால்சியம்னா எலும்புக்குன்னுதான் எல்லாரும் நினைக்கிறோம். மூளையில அதுதான் சைகை. ஒரு செல் பக்கத்துச் செல்லுக்குச் சேதி சொல்லணும்னா, கால்சியம் ஒரு துளி உள்ளே போகணும். அதைப் பார்த்துத்தான் அது சேதியை அனுப்பும். ஒரு விஷயத்தைக் கத்துக்கிட்டு வச்சுக்கறதுக்கும் அந்தச் சைகைதான் வேணும். ரத்தத்துல கால்சியம் தாறுமாறா ஏறிட்டா இந்தச் சைகையெல்லாம் குழம்பிடும். உங்க லாட்ஜ்ல பத்து ரூம்லயும் ஒரே நேரத்துல பெல் அடிச்சுக்கிட்டே இருந்தா நீங்க எந்த ரூமுக்குப் போவீங்க?"

"எங்கயும் போவ முடியாது. வராந்தாவுல நின்னுக்கிட்டிருப்பேன்."

"அதான் நடந்திருக்கு. இதே அளவு ஒரு சின்னப் பிள்ளைக்கு இருந்தா ஓரளவு தாங்கும். வயசான மூளையில இந்தச் சைகைகளே ஏற்கெனவே கொஞ்சம் மெதுவாத்தான் போகும், தாங்குறதுக்கு மிச்சம் கம்மி. மாதவிடாய் நின்ன பிறகு பெண் ஹார்மோன் குறையும், தைராய்டு ஏறி இறங்கும், எல்லாமே மூளையைத் தொடும். இதுல முழுசா புரிஞ்சுபோச்சுன்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா உங்களுக்கு எங்க கோளாறுன்னு தெரிஞ்சுபோச்சு. எடுத்திடலாம்."

எடுத்துவிட்டால் பழையபடி ஆகிவிடுமா என்று சுபா கேட்டாள். "நிறையத் தெளியும். எல்லாமே வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. அதே சமயம் அன்று முழுவதும் அதை நினைத்து வார்டில் நடந்துகொண்டே இருந்தேன். மருந்துப் பாட்டில் தொங்கும் கம்பியைத் தள்ளிக்கொண்டு, ஸ்கேன் அறை வரை, திரும்ப வார்டு வரை. அசையாமல் இருந்தால் திரும்பவும் அந்த மங்கலுக்குள் விழுந்துவிடுவேன் என்று ஒரு பயம். நான்தானா பேசுகிறேன் என்று தெரிந்துகொள்ள, பார்க்கிறவர்களிடம் எல்லாம் பெயர் கேட்டேன். துப்புரவு செய்கிற பெண்ணின் பெயர், லிஃப்ட் இயக்குகிறவர் பெயர், அவர் பிள்ளைகளின் பெயர். பேச்சியம்மாள், "மதினி ஓட்டுக் கேக்க நிக்கப் போறாக போல" என்று வார்டுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

அதற்குப் பிறகு எல்லாம் அலைச்சல். ஹார்மோன் பரிசோதனைக்கு இரத்தம் வெளியூருக்குப் போய் முடிவு வர வேண்டியிருந்தது. டாக்டரம்மா நினைத்தது போலவே அதிகமாக இருந்தது. வீங்கிய சுரப்பி எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க மதுரைக்குப் போய், மிகக் குறைந்த அளவு கதிரியக்கம் உள்ள ஒரு மருந்தை ஊசியில் ஏற்றிப் படம் எடுத்தோம். அந்த மருந்து கோளாறான சுரப்பியில் போய்த் தேங்கி நிற்கும். படத்தில் இடப்பக்கம் கீழே ஒரு கறுப்புப் புள்ளி. இத்தனை காலம் என்னை அலைய விட்டது அதுதான் என்று பார்த்தபோது, கோபம்கூட வரவில்லை. அவ்வளவு சின்னது. செலவுக் கணக்கை இவரும் சுபாவும் என் காதில் போடவே இல்லை. நான் கேட்டபோது, "நீ மொதல்ல ஒழுங்கா வா, பொறவு சண்டை போடுவோம்" என்றார் இவர்.

அறுவைச் சிகிச்சை திருநெல்வேலியில் நடந்தது. குரலுக்குப் போகிற நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, அரிதாகக் குரல் கம்மிப்போகலாம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். ஞாபகம் வந்து, பேச முடியாமல் போனால் என்ன செய்வது என்று எனக்கு ஒரே தவிப்பு. சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும்போது இவரைப் பார்த்து, "மோட்டார ஒரு மணி நேரத்துக்கு மேல ஓட விடாதிய" என்றேன். வேறு ஒன்றும் வாயில் வரவில்லை. இவர் தலையை ஆட்டினார்.

கண் விழித்ததும் முதலில் பேசிப் பார்த்தேன். கரகரப்பாக இருந்தது, ஆனால் வந்தது. மறுநாள் உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. பயந்துபோனேன். இத்தனை காலம் கால்சியத்தை இழந்த எலும்பு இப்போது பசியோடு இழுத்துக்கொள்கிறது, அதனால் இரத்தத்தில் கொஞ்சம் குறைகிறது என்றார்கள். எந்தக் கால்சியம் மாத்திரையை டாக்டரம்மா பிடுங்கிக்கொண்டாரோ, அதையே சில வாரம் போடச் சொன்னார்கள்.

வீடு திரும்பிய பிறகு ஞாபகம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதலில் தூக்கம் வந்தது. பிறகு உட்கார வந்தது. பிறகு ஒருநாள் சமையலறையில் நிற்கும்போது, எதற்கு வந்தேன் என்று யோசிக்காமலே கையில் சீரக டப்பா இருந்தது. நோய் முற்றியிருந்த அந்தச் சில மாதங்கள் மட்டும் திரும்ப வரவே இல்லை. சுபாவின் மகன் பிறந்தநாளுக்கு நான் போயிருந்தேன் என்கிறார்கள். படமும் இருக்கிறது. படத்தில் கேக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பெண் யாரோ போல இருக்கிறாள். புதிய பெயர்கள் முன்பு போலச் சட்டென்று ஒட்டுவதும் இல்லை. இரண்டாம் தடவை கேட்கிறேன். கேட்பதற்கு இப்போது வெட்கப்படுவதில்லை.

ஆனால் தெளிவு வர வர வேறு ஒன்று என்னைப் பிடித்து ஆட்டத் தொடங்கியது. எனக்கு இருந்தது கழுத்தில் என்றால், அக்காவுக்கும் அப்படி இருக்கக் கூடாதா? ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். அவளுக்கு யாராவது கால்சியம் பார்த்தார்களா? செண்பகத்துக்குப் போன் செய்து அக்கா தண்ணீர் எவ்வளவு குடிக்கிறாள், எலும்பு வலி உண்டா, கல் வந்ததா என்று கேட்டேன். "கேட்டா சொல்லத் தெரியலயே சித்தி" என்றாள். இவர், "பாத்து ரொம்ப நம்பாத, கோமதி. அவுகளுக்கு ரொம்ப நாளாச்சி" என்றார். டாக்டரம்மாவும் அதையே வேறு விதமாகச் சொன்னார். ஆனாலும், "பார்க்கறதுல தப்பில்லை. ஒரு ரத்தப் பரிசோதனைதானே" என்றார்.

அக்காவைத் தென்காசிக்குக் கூட்டிவந்தோம். ஊசி குத்தும்போது கத்தினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். முடிவு வரும்வரை நான் பழைய மாதிரி வராந்தாவில் நடந்தேன். அக்கா திரும்ப மண்டியில் நிற்கிற மாதிரியும், மூட்டையைக் காலால் உருட்டுகிற மாதிரியும் மனம் ஓடிக்கொண்டே இருந்தது. அடக்க முடியவில்லை.

அவளுக்குக் கால்சியம் ஒன்பதரை. ஹார்மோனும் அளவோடு இருந்தது. தைராய்டும் சரி. எல்லாம் சரி.

எல்லாம் சரியாக இருக்கிறது என்ற தாளைப் பார்த்து அழுதது அன்றுதான். டாக்டரம்மா, "இது உங்க தப்பும் இல்லை, அவங்க தப்பும் இல்லைம்மா. உங்களுக்குச் சேதி போற வழியில கோளாறு. அவங்களுக்குச் சேதியை வாங்குற செல்லே அழிஞ்சுக்கிட்டிருக்கு" என்றார். புரிந்தது. புரிந்ததால் ஒன்றும் குறையவில்லை. எனக்கு மட்டும் ஏன் எடுக்கக்கூடிய ஒன்று வந்தது என்று பல நாள் ஒரு வேலையும் ஓடவில்லை.

பிறகு ஒரு யோசனை வந்தது. அக்காவைக் குணப்படுத்த என்னால் முடியாது. ஆனால் அவள் இருக்கிற இடத்துக்கு நான் போய்விட்டு வந்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் வேறு யாரும் போகவில்லை. அங்கே இருக்கும்போது எது வலிக்கும் என்று எனக்குத் தெரியும். மறந்தது அவ்வளவாக வலிக்காது. 'நல்லா யோசிச்சுப் பாரு' என்று சொல்லிவிட்டு எதிரே இருப்பவர் பதிலுக்காகக் காத்திருக்கிறாரே, அதுதான் வலிக்கும்.

போன வாரம் சுரண்டைக்குப் போனேன். அக்கா அதே நாற்காலியில், அதே முந்தானையை மடித்துக்கொண்டிருந்தாள். செண்பகம் வழக்கம்போல, "அத்தை, இது யாருன்னு" என்று தொடங்கினாள்.

"கேக்காத தாயி," என்றேன். "நாமளே சொல்லிருவோம்."

முக்காலியை இழுத்து அக்காவின் முழங்காலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்தே இருந்தேன். எழுந்து நடக்கவில்லை. அவள் மடித்த முந்தானையின் மறுமுனையைப் பிடித்து நானும் கூடச் சேர்ந்து மடித்தேன். அவள் முகத்தில் அந்தப் பரீட்சைப் பயம் வரவில்லை.

"அக்கா, நான் கோமதி. ஒன் தங்கச்சி" என்றேன்.

அவள் மடிப்பதை நிறுத்தினாள். "கோமதியா?" என்றாள். நெற்றியைச் சுருக்கினாள். "அவளுக்கு ஒடம்புக்குச் சரியில்லன்னு சொன்னாகளே. ஆஸ்பத்திரில கெடக்கான்னு. இப்ப எப்படி இருக்கா?"

செண்பகம் வாயைத் திறந்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

"நல்லாயிட்டாக்கா."

"சோறு திங்காளா?"

"நல்லாத் திங்கா."

அக்கா நீளமாக மூச்சு விட்டாள். முந்தானையை மறுபடியும் எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

"அவளப் பாத்தா ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொல்லு" என்றாள்.

"சொல்லுதேங்க்கா" என்றேன்.